இடக்காலின் வேலை

ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பதுளை ஏறத்தாழ 680 மீற்றரில். இடையே ரோட்டு வழியாக 40 கிலோமீற்றர் அளவு. இந்த 750 மீற்றரை இறங்க ரயிலுக்கு ஒரு வழி, லொறிக்கு இன்னொரு வழி. 1924-ல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதை, 44 அடிக்கு ஓரடிக்கு மேல் சரிவதில்லை என்ற கட்டுப்பாட்டில் போட்டது. சரிவு மிஞ்சிய தெமோதரையில் அது மலையைச் சுற்றி ஒரு வட்டமடித்து, தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் புகுந்து போகிறது. தோட்டத்து ரோட்டுக்கு அத்தனை பொறுமை இல்லை. ஏறும், முடக்கில் திரும்பும், மறுபடி ஏறும். ரயில் நீளத்தால் சமாளித்ததை மோட்டார் வண்டி கியரால் சமாளித்தது. ஆகவே இந்த மலையில் வண்டி பழகுவது என்றால், நெடுங்காலம், இடக்காலைப் பழக்குவது என்றே பொருள்.

என் மாமா 1960களின் பிற்பகுதியில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லொறியில் கிளீனராகச் சேர்ந்தார். அவர் கைக்கு முதலில் வந்தது ஒரு முக்கோணக் கட்டை. பலா மரத்தில் செதுக்கி, தூக்க வசதியாகக் கம்பி வளையம் அறைந்தது. தேயிலைப் பெட்டிகளோடு லொறி ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் டிரைவர் உள்ளிருந்து "கட்டை!" என்று ஒரு குரல் கொடுப்பார். மாமா பின்னாலிருந்து குதித்து, உருளத் தொடங்கும் முன் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டி நகர்ந்ததும் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, லொறியில் தொற்ற வேண்டும். கையை எடுக்கத் தாமதித்தால் விரல் போய்விடும். அந்தப் பலகைப் பெட்டிகளும் இன்று இல்லை; தேயிலை காகிதப் பைகளில் போகிறது.

மூன்று வருஷம் கட்டை போட்டார். அந்த மூன்று வருஷத்தில் டிரைவர் வாயால் சொல்லிக் கொடுத்தது மிகக் குறைவு. எந்த முடக்கில், எஞ்சின் எப்படி முனகும்போது கியர் குறைகிறது என்பதைப் பின்னால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தபடியே காது படித்துக்கொண்டது. பிறகுதான், கொழுந்து நிறுத்து முடிந்த ஓர் அந்தியில், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்துக்குள் லொறியைத் திருப்பி நிறுத்த விட்டார்கள்.

அந்தக் காலத்து லொறிகளில், பற்சக்கரங்களைத் தானாகச் சமவேகத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு எல்லாக் கியருக்கும் இருக்கவில்லை. கியரைக் குறைக்க, கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வர வேண்டும். காலை எடுத்து, அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை எழுப்ப வேண்டும். மறுபடி கிளட்ச்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். ஒவ்வொரு முடக்குக்கும் இடக்காலுக்கு இரட்டை வேலை. கணக்குத் தப்பினால் பல் அரைபடும் சத்தம் மலைக்கு மலை கேட்கும். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு.

மாமாவின் தோட்டத்தில் அன்று இருந்த வண்டிகள் பெரிய துரையின் ஜீப், ஸ்டோர் லொறி, ஒரு டிராக்டர், அவ்வளவே. அத்தனை லயங்களுக்கும் ஓட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஆண்கள். துரையின் ஜீப் டிரைவருக்கு லயத்தில் இல்லாமல் தனி வீடு. கல்யாணப் பந்தலில் முன்வரிசை. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு யார் இருப்பார், யார் போவார் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. மாமாவுக்குக் கற்றுக்கொடுத்த டிரைவர் குடும்பத்தோடு தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கிளீனர் டிரைவரானார், கட்டைக்கு வேறொரு பையன் வந்தான்.

1972 முதல் தேசிய அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அது பிரஜைகளுக்கு மட்டும். 2003-ன் சட்டம் மிஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தந்தது. இன்று சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பம் நிரப்பும் லயத்துப் பிள்ளை, அடையாள அட்டை இலக்கத்தை மனப்பாடமாக எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறது. அந்த இலக்கம் எழுதும் ஒரு கட்டத்துக்காக இரண்டு தலைமுறை காத்திருந்ததை விண்ணப்பம் காட்டிக்கொள்வதில்லை.

நான் பழகியது 1980களில், மாமா யாரிடமோ வாங்கிய பழைய மொரிஸ் மைனரில். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே கடந்து வந்த கார் அது. நான்கு கியர், முதல் கியர் மட்டும் வண்டி நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். பசறை ரோட்டு முடக்கில் கார் மூச்சு முட்டும்போதோ, வேண்டியது அந்த முதல் கியர்தான். எனவே முடக்குக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும்: இரண்டில் தாங்குமா, தாங்காதா? தாங்காது என்றால் நிறுத்து, ஒன்றைப் போடு, கைப்பிரேக்கோடு கிளம்பு.

கிளம்புவதுதான் பாடம். மாமா ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் போய், பின்சக்கரத்துக்கு இரண்டு விரற்கடை கீழே ஒரு நெருப்புப்பெட்டியை வைப்பார். அது நசுங்காமல் முன்னே போக வேண்டும். கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டால் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தாழும், காரின் முன்பக்கம் லேசாக நிமிரும், கியர்த்தண்டு உள்ளங்கையில் நடுங்கும். அதுதான் அரைக் கிளட்ச். அந்த இடத்தில் காலை வைத்துக்கொண்டு கைப்பிரேக்கை விட்டால், கார் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் ஒரு கணம் மலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்பது பெட்டி நசுக்கினேன். பத்தாவதைக் கையில் எடுத்து, அதிலிருந்தே ஒரு குச்சி உரசி மாமா பீடி பற்றவைத்தார். பாராட்டு அவ்வளவுதான்.

1977-க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் ஜப்பான் கார்களையும் வான்களையும் கொண்டுவந்தது. லயத்து வாசல் வரை வந்தது மூன்று சக்கர ஆட்டோ. அதில் கிளட்ச் காலிலிருந்து கைக்கு மாறியது. இடது கைப்பிடியை அழுத்தி, அதையே முறுக்கிக் கியர் மாற்ற வேண்டும். துரையும் இல்லாமல் ஸ்டோரும் இல்லாமல் ஒரு தோட்டத்து இளைஞன் தன் சொந்த வண்டிக்குத் தானே டிரைவரானது முதலில் இதில்தான். பிரசவ வலியெடுத்தவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முன்பு தோட்ட லொறிக்காகக் காத்திருந்த லயங்கள், இப்போது ஒரு தொலைபேசி அழைப்பில் ஆட்டோவைக் கூப்பிடுகின்றன.

இன்று பழகும் முறை ஒழுங்கானது. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ், தமிழிலேயே எழுதக்கூடிய எழுத்துப் பரீட்சை, பழகுநர் அனுமதி, சிவப்பு 'எல்' பலகை, கடைசியில் ட்ரயல். லேனர்ஸ் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அன்று மூன்று வருஷம் எடுத்தது இன்று சில வாரங்களில் முடிகிறது. விரல் போகும் பயமும் இல்லை. பதுளை வீதிகளில் 'எல்' பலகையோடு போகும் கார்களில் ஸ்டீரிங் பிடித்திருப்பவர் பல நேரம் ஒரு பெண். ஆசிரியை, தாதி, வங்கியில் வேலை செய்கிறவர். அவர்களுடைய அம்மாக்களில் பலர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஜீப் வரும் சத்தம் கேட்டதும் ரோட்டோரமாக ஒதுங்கி நின்றவர்கள்.

கூடவே ஒரு கேள்வி வந்திருக்கிறது: ஓட்டோவா, மெனுவலா? ஓட்டோ கியர் காரில் ட்ரயல் கொடுத்தால், அனுமதிப்பத்திரமும் அந்த வகைக் காருக்கு மட்டும்தான். பெரும்பாலோர் அதுவே போதும் என்கிறார்கள். வாங்க நினைக்கும் கார் வகன்ஆராகவோ விட்ஸாகவோ இருக்கும்போது அதில் தப்பில்லை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் போக நினைப்பவர்கள், வளைகுடாவில் டிரைவர் வேலை தேடுகிறவர்கள், மெனுவலே கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் பழைய கார்களின் விலை ஏறியது. எழுபதுகளைப் போலவே ஒட்டுப்போட்டு ஓட்டும் கலைக்கும் மதிப்பு ஏறியது.

பழைய டிரைவர்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. காபரேட்டர் எஞ்சினில் அதனால் கொஞ்சம் மிஞ்சியது உண்மை. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் வைத்து அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் எஞ்சின் உயிரோடு இருக்க எரிபொருள் செலவாகும். கணக்கு தலைகீழாகிவிட்டது. ஆனாலும் 2022 தட்டுப்பாட்டில், கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, ஹாலி-எல இறக்கத்தில் பலர் நியூட்ரலுக்குத் திரும்பினார்கள். பழக்கம் எஞ்சினை விட நீண்ட ஆயுள் உள்ளது.

அவர்களுடைய இன்னொரு விதிக்கு மட்டும் வயதாகவில்லை: ஏறிய கியரில் இறங்கு. பாரத்தை எஞ்சின் தாங்கினால் பிரேக் சூடேறாது. சூடேறிய பிரேக் கடைசி முடக்கில் பிடிக்காது. இந்த மலை எளிதில் மன்னிப்பதில்லை. 2021 மார்ச்சில் பசறை 13ஆம் மைல்கட்டையிலும், 2025 செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் பஸ்கள் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் அதனதன் காரணம் உண்டு. ஆனால் அந்த ரோடுகளில் போகிறவர் எல்லோருக்கும் இறக்கம் ஒன்றுதான்.

போன வருஷம் மாமாவின் பேத்திக்கு லைசன் கிடைத்தது, ஓட்டோ. சில வாரங்களில் அவள் தாத்தாவை ஹப்புத்தளையிலிருந்து பதுளைக்குக் கண் காட்ட அழைத்துப் போனாள். நான் பின்சீட்டில். ஏற்றங்களில் அவள் நிறுத்தினாள், கிளம்பினாள். கார் ஓர் அங்குலமும் பின்னால் போகவில்லை. பலாக் கட்டையின் வேலையும் நெருப்புப்பெட்டியின் பாடமும் எங்கோ ஒரு சிறு கருவிக்குள் அடங்கியிருந்தன. நான் ஒன்பது முறை தோற்ற இடத்தை அவள் கவனிக்கவே இல்லை.

பண்டாரவளை தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகுதான் பார்த்தேன். முன்சீட்டில் மாமாவின் இடக்கால், ஒவ்வொரு முடக்குக்கும் முன்னால், கால்மிதியை இரண்டு தரம் அழுத்தியது. கொஞ்ச தூரத்தில் பிரேக் சூடேறிய வாடை ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

"ஏறுன கியருல எறங்கு பாப்பா" என்றார் மாமா.

"இதுல கியரே இல்ல தாத்தா."

மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து லீவரைப் பார்த்தார். 'டி' என்ற எழுத்துக்குக் கீழே இன்னோர் எழுத்து இருந்தது. "இது என்ன, எல்? நீதான் பாஸாயிட்டியே."

அவள் சிரித்தாள். பழகிய நாள் முழுக்க அந்த எழுத்துக்கு லீவரை அவள் கொண்டுபோனதே இல்லையாம். வேகத்தைக் குறைத்து, லீவரை இழுத்தாள். எஞ்சின் சத்தம் எழுந்தது. கார் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது போல நிதானமானது. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே அடுத்த முடக்கைத் திருப்பினாள். அதற்கடுத்ததையும்.

மாமாவின் இடக்கால் கால்மிதியில் சும்மா கிடந்தது.