இயங்குகுறி எய்தலும் வேட்டையறமும்

அசையாது நிற்கும் பொருளை எய்வது நிலைக்குறி எய்தல். இடம்பெயரும் பொருளை எய்வது இயங்குகுறி எய்தல். முன்னதில் கண்ணும் கருவியும் குறியும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் போதும். பின்னதில் அவ்வாறு அமைந்தால் குறி தப்பும். ஏனெனில் துமுக்கியின் குழலை விட்டு நீங்கிய குண்டு அவ்விடத்தைச் சென்றடைவதற்குள் குறி அங்கிருந்து அகன்றிருக்கும். ஆகவே, குறி வந்துசேரப்போகும் இடத்தையே எய்வோர் நோக்குதல் வேண்டும். குறி இருக்கும் இடத்துக்கும் வரப்போகும் இடத்துக்கும் இடைப்பட்ட தொலைவைக் குறிமுந்தல் என்க.

பண்ணைப்புரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டிய வானவாரி நிலத்தில் நிலக்கடலையைக் கிளறிவிட்டு வெருண்டோடும் காட்டுப்பன்றி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அது 75 மீட்டர் தொலைவில், நொடிக்கு 10 மீட்டர் விரைவில், நமக்குக் குறுக்காக ஓடுகிறது. நொடிக்கு 750 மீட்டர் செல்லும் குண்டு அதனை எட்ட நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பன்றி ஒரு மீட்டர் முன்னேறிவிடும். அதே பொழுதில் புவியீர்ப்பினால் குண்டு தாழ்வதோ ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே. நிலைக்குறியில் பழகியோர் அரும்பாடுபட்டுச் சரிசெய்யும் அத்தாழ்வு, இங்கே முந்தலில் இருபதில் ஒரு பங்காகச் சிறுத்துப்போகிறது. பார்வைக்கோட்டுக்கு 30 பாகைச் சாய்வில் பன்றி ஓடினால் முந்தல் அரை மீட்டராகும். நேர் எதிரே ஓடிவந்தால் முந்தலே வேண்டுவதில்லை. விரைவும் தொலைவும் சாய்வும் தெரிந்தவர்க்கு முந்தலும் தெரியும்.

ஆயின் காட்டில் அம்மூன்றையும் அளந்து சொல்வார் இல்லை. பன்றியின் நுரையீரலும் நெஞ்சப்பையும் அடங்கிய உயிர்நிலை ஏறத்தாழ ஒரு சாண் அகலமே உடையது. நொடிக்கு 12 மீட்டர் ஓடும் விலங்கை 10 மீட்டர் ஓடுவதாகக் கருதிவிட்டால், குண்டு 20 செ.மீ. பின்தங்கி, நுரையீரலை விட்டுக் குடலைக் கிழிக்கும். குடல் கிழிந்த பன்றி உடனே சாவதில்லை. புதருக்குள் புகுந்து நெடும்பொழுது துன்புற்றே சாகும். இதனோடு மாந்த உடலின் தாழ்ச்சியும் சேர்கிறது. சுடலாம் என்று உள்ளம் துணிவதற்கும் விரல் விசையை இழுப்பதற்கும் இடையே ஏறத்தாழ நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிகிறது. அச்சிறு பொழுதில் குழல் அசையாது நின்றுவிட்டால், பன்றி தன் உடல்நீளத்துக்கும் மேலாக, 2 மீட்டர் கடந்துவிடும். விசையை இழுக்கும்போதும் இழுத்த பின்னும் குழலைக் குறியோடு நகர்த்திச் செல்லும் தொடர்வீச்சே இதற்கு மாற்று.

தொடர்வீச்சு நூலறிவால் வருவதன்று. பல்லாயிரம் முறை எய்து பழகுவதால் வருவது. அப்பழக்கத்துக்கு உயிருள்ள குறி வேண்டியதில்லை என்பதை உலகம் நூறாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் மான் வடிவப் பலகையை ஓடவிட்டு எய்யும் போட்டி நடந்தது. அவ்வாண்டு பொன் வென்ற சுவீடன் நாட்டு ஆசுக்கர் சுவான், 1920இல் தம் 72ஆம் அகவையிலும் அதே வகைக் குழுப்போட்டியில் வெள்ளி பெற்றார். இன்று தட்டெய்தலில் 110 மி.மீ. விட்டமுள்ள தட்டு வானில் பறக்கிறது. புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிசு ஒலிம்பிக்கில் அக்கலையிலேயே போட்டியிட்டார். தட்டு தப்பினால் இழப்பது ஒரு புள்ளி. அத்தகைய களத்தில் தவறிப் பழகுவதே முறை.

இனி அறம். ஓடும் விலங்கை எய்தல் ஆகாது என்பதே என் துணிபு. அதற்குரிய கரணியத்தை மேற்கண்ட கணக்கே தருகிறது. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடினார். அன்று புகழாக நின்ற அவ்வூடுருவல் இன்று பேரிடர். இலக்குத் தப்பிய குண்டு கிலோமீட்டர் கணக்கில் செல்லவல்லது. அதன் வழியில் தென்னந்தோப்பும், ஆடு மேய்ப்பவரும், தண்ணீர் பாய்ச்சுபவரும் உளர். நிற்கும் விலங்குக்குப் பின்னே மண்மேடு இருக்கும் இடத்தை எய்வோர் தேர்ந்துகொள்ளலாம். ஓடும் விலங்கின் பின்புலமோ நொடிக்கு நொடி மாறும். கூட்டமாக ஓடுகையில் தாய்ப்பன்றி எது, குட்டி தொடர்வது எதனை என்று பிரித்தறியவும் இயலாது. பண்ணைப்புரத்துக்கு அண்மையிலுள்ள கோம்பையின் நாய்கள் பன்றிவேட்டைக்குப் பெயர்பெற்றவை; ஓடும் பன்றியை வளைத்து நிற்கவைப்பதே வேட்டைநாயின் பெரும்பயன் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமின்றிச் செய்துவிட்டன. பயிரழிவால் நொந்த உழவரின் முறையீட்டை ஏற்று, 2025 சனவரியில் தமிழ்நாட்டு அரசு ஒரு வரையறை செய்தது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடலாகாது; 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம். அப்பயிற்சியில் ஓடும் பலகையும் இடம்பெற வேண்டும் என்பேன். ஏனெனில், நின்ற பன்றியை எய்தும் குண்டு பிறழ்ந்து அது புண்ணோடு ஓடுமாயின், பின்புலம் இடரற்றதாக இருக்கும்வரை, இரண்டாம் குண்டால் அதன் துன்பத்தை முடிப்பது எய்தவரின் கடன். அதுவும் தப்பினால், அன்றே குருதித் தடம்பற்றிச் சென்று அதனைத் தேடிக் கண்டடைதல் வேண்டும்.