மட்டை ஏந்திய பாதிரியார்

ஆட்டம் வேறு, அறம் வேறு என்று எண்ணுவோர் பலர். அவ்விரண்டையும் பிரிக்க மறுத்த ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் டேவிட் ஷெப்பர்டு.

1929-ஆம் ஆண்டு பிறந்த ஷெப்பர்டு, கேம்பிரிட்ஜில் டிரினிடி ஹால் கல்லூரியில் பயின்றார். 1950 முதல் 1952 வரை மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழகக் கிரிக்கெட் அணியில் ஆடி, இறுதி ஆண்டில் அதன் தலைவராகவும் விளங்கினார். மாணவராக இருக்கும்போதே இங்கிலாந்து நாட்டு அணியில் இடம்பெற்றார். 1952-இல் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக அவர் எடுத்த 119 ஓட்டங்களே டெஸ்ட் பந்தயங்களில் அவர் பெற்ற மிக உயர்ந்த எண்ணிக்கையாகும்.

புகழ் பெருகிய அந்நாளிலேயே அவர் உள்ளம் சமயத் தொண்டை நாடியது. இறையியல் பயின்று, 1955-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஓல்டு டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 113 ஓட்டங்கள் எடுத்தார். ஜிம் லேக்கர் 19 விக்கெட்டுகளை வீழ்த்திய புகழ்பெற்ற பந்தயம் அது. குருப்பட்டம் பெற்ற ஒருவர் டெஸ்ட் பந்தயத்தில் ஆடியதும் அதுவே முதல் முறை. எனினும், 1957 முதல் 1969 வரை அவருடைய உழைப்பெல்லாம் கிழக்கு இலண்டனின் கப்பல் துறையை அடுத்த கேனிங் டவுனில், ஏழைத் தொழிலாளரிடையே கழிந்தது. இடையில் ஆஸ்திரேலியா சென்ற அணியுடன் புறப்பட்டார். மெல்போர்ன் பந்தயத்தில் முதலில் ஓட்டமேதுமின்றி வெளியேறினார். இரண்டாம் முறை 113 ஓட்டங்கள் குவித்து வெற்றிக்கு வழிவகுத்தார்.

ஆயினும், அவர் ஆடிய ஆட்டங்களைக் காட்டிலும் ஆட மறுத்த ஆட்டமே சிறப்புடையது என்பேன். அக்காலத்துத் தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் மட்டுமே நாட்டு அணியில் இடம்பெற முடியும். அவ்வணி 1960-இல் இங்கிலாந்துக்கு வந்தபோது, அதற்கு எதிராக ஆட இயலாது என்று ஷெப்பர்டு அறிவித்தார். விளையாட்டில் அரசியலைப் புகுத்தலாமா என்று சிலர் கேட்டனர். தோலின் நிறம் பார்த்து ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அரசியல் முன்னரே புகுந்துவிட்டதன்றோ?

1968-இல் இச்சிக்கல் முற்றியது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, நிறவெறியால் அங்கே வாய்ப்பிழந்து, இங்கிலாந்தில் குடியேறியவர் பேசில் டி'ஒலிவெய்ரா. ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் எடுத்த அவரை, தென்னாப்பிரிக்கப் பயண அணியில் முதலில் சேர்க்கவில்லை. பின்னர் வேறொருவர் விலகியதால் அவர் சேர்க்கப்பட்டார். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர் அவ்வணியை ஏற்க மறுத்தார், பயணம் கைவிடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் எம்.சி.சி. கழகத்தின் சிறப்புக் கூட்டத்தில், கழகத்தின் போக்கைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார் ஷெப்பர்டு. வழிமொழிந்தவர் இளைஞர் மைக் பிரேர்லி. தீர்மானம் தோற்றது. ஆனால் கருத்துத் தோற்கவில்லை. 1970-இல் வரவிருந்த தென்னாப்பிரிக்க அணியின் பயணம் நீக்கப்பட்டது. அந்நாடு 1992 வரை டெஸ்ட் பந்தயங்களில் இடம்பெறவில்லை.

1975 முதல் 1997 வரை ஷெப்பர்டு லிவர்பூல் நகரின் பிஷப்பாக இருந்தார். கத்தோலிக்கருக்கும் பிராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே நெடுங்காலப் பகை நிலவிய நகரம் அது. அங்கே கத்தோலிக்கப் பேராயர் டெரிக் வார்லாக்குடன் தோளோடு தோள் நின்று, வேலையற்றோருக்காகவும் வறியோருக்காகவும் வாதாடினார். 2005-இல் மறைந்தார்.

டெஸ்ட் பந்தயங்களில் அவர் எடுத்தவை 1,172 ஓட்டங்கள். அவரினும் மிகுதியாக எடுத்தோர் பலர் உளர். ஆனால் ஆட விருப்பமும் ஆற்றலும் இருந்தும், தமக்கு ஓர் இழப்பென்று அறிந்தே மட்டையைக் கீழே வைத்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவராக அவரை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.