பழைய லினக்ஸ் கணினி: மேம்படுத்துவதா, புதிதாக நிறுவுவதா? முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

மைசூரு: உபுண்டு 20.04 லினக்ஸ் பதிப்புக்கான ஐந்தாண்டு கால பொது ஆதரவு 2025 மே மாதத்துடன் நிறைவடைந்தது. அப்பதிப்பைக் கொண்ட கணினிகள் தொடர்ந்து இயங்கினாலும், அவற்றுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வருவதில்லை. இந்நிலையில், இருக்கும் இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு மேம்படுத்துவதா அல்லது அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதா என்ற கேள்வி பயனர்கள் முன் எழுந்துள்ளது.

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969-ம் ஆண்டு முதல் செயல்பட்டு வரும் மைசூரு போன்ற நகரில் இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள், அகராதிப் பணியாளர்கள், ஆய்வு மாணவர்கள் ஆகியோரின் கணினியில் மதிப்பு மிக்கது இயங்குதளம் அன்று. பல ஆண்டுகளாகச் சேர்த்த கலைச்சொல் பட்டியல்கள், மொழிபெயர்ப்பு நினைவகக் கோப்புகள், தமிழ் எழுத்துருக்கள் ஆகியவையே அவர்களின் உழைப்பின் பயன். இயங்குதளத்தை எப்போது வேண்டுமானாலும் இலவசமாக மீண்டும் பெறலாம். இவற்றை அவ்வாறு பெற இயலாது.

மேம்படுத்துதல் எவ்வாறு நடைபெறுகிறது?

மேம்படுத்தும்போது, கணினியில் உள்ள மென்பொருள் தொகுப்புகள் ஒவ்வொன்றாகப் புதிய பதிப்புக்கு மாற்றப்படுகின்றன. பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். இதுவே இம்முறையின் முதன்மையான நன்மை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நீண்டகால ஆதரவுப் பதிப்புகளைப் படிப்படியாகவே கடக்க வேண்டும். உபுண்டு 20.04-லிருந்து 24.04-க்குச் செல்ல விரும்புவோர் முதலில் 22.04-க்கு மாற வேண்டும். 18.04-ஐ வைத்திருப்போருக்கு மூன்று படிகள் தேவைப்படும். டெபியனிலும் இடையில் உள்ள பதிப்பைத் தாண்டிச் செல்வதற்கு ஆதரவு இல்லை. படிகள் கூடக்கூட, இடையில் ஏதேனும் ஒரு தொகுப்பு முரண்பட்டுப் பணி நின்றுபோகும் வாய்ப்பும் கூடுகிறது.

வெளியார் களஞ்சியங்களிலிருந்து நிறுவிய மென்பொருள்களே பெரும்பாலும் இத்தகைய சிக்கலுக்குக் காரணமாகின்றன. உபுண்டுவின் மேம்படுத்தும் கருவி அக்களஞ்சியங்களைத் தற்காலிகமாக முடக்கிவிடும். அவற்றிலிருந்து வந்த மென்பொருள்கள் புதிய பதிப்புடன் பொருந்தாமல் போகலாம். மேலும், பணியின் நடுவே மின்சாரம் தடைபட்டால் கணினி பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடக்கூடும். மேசைக் கணினியில் யுபிஎஸ் வசதி இல்லாதபோது இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

புதிய நிறுவலே ஒரே வழியாகும் சூழல்கள்

சில கணினிகளில் தேர்வுக்கே இடமில்லை. 32 பிட் லினக்ஸை மேம்படுத்தும் கருவியின் மூலம் 64 பிட்டாக மாற்ற இயலாது. உபுண்டு 17.10 முதலே 32 பிட் மேசைக் கணினிப் பதிப்பு நிறுத்தப்பட்டது. 2025 ஆகஸ்ட் மாதம் வெளியான டெபியன் 13-லும் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. செயலி 64 பிட் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், புதிதாக நிறுவுவதே தீர்வு.

நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினிகளுக்கும் இது பொருந்தும். அவற்றில் முழுமையான உபுண்டுவைவிட, லுபுண்டு போன்ற இலகுவான வகையைப் புதிதாக நிறுவுவது பயனளிக்கும்.

பள்ளிகளில் நிலைமை வேறு. மைசூரு மாவட்டத்தை ஒட்டிய கேரளத்தில், 'கைட்' என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை 2019-ல் வெளியிட்டது. பின்னர் 22.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பும் வந்தது. பாடங்களுக்குத் தேவையான மென்பொருள்கள் அவற்றிலேயே சேர்த்து வழங்கப்படுகின்றன. ஒரே வகைப் பயன்பாட்டுக்கான பல கணினிகளை ஒவ்வொன்றாக மேம்படுத்துவதைவிட, இவ்வாறு ஆயத்தமான ஒரே பதிப்பை அனைத்திலும் நிறுவுவது எளிது. ஆனால் தனிநபரின் கணினி ஒவ்வொன்றும் தனி இயல்புடையது என்பதால், இதே வழி அங்கு எளிதாக அமைவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கோப்புறைகள்

புதிய நிறுவலில் ஏற்படும் இழப்புகளில் பல, கவனக்குறைவால் அன்றி அறியாமையால் நேர்பவை. ஆவணங்கள் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு, எல்லாம் பத்திரம் எனக் கருதுவோர் உண்டு. லினக்ஸில் புள்ளியுடன் தொடங்கும் பெயர் கொண்ட கோப்புறைகள் இயல்பாகக் காட்டப்படுவதில்லை. லிபர் ஆபிஸில் பயனர் சேர்த்த சொற்களின் பட்டியல், ஒமேகாடி மொழிபெயர்ப்பு மென்பொருளின் அமைப்புகள், தண்டர்பேர்டில் சேமித்த மின்னஞ்சல்கள், பயனர் தாமே சேர்த்த எழுத்துருக்கள், தமிழ் 99 விசைப்பலகைத் தேர்வு ஆகியவை பெரும்பாலும் அங்குதான் உள்ளன. கோப்பு மேலாளரில் கன்ட்ரோல், ஹெச் விசைகளை ஒருசேர அழுத்தினால் அவை தென்படும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்களை வைத்திருப்போர் அவ்வெழுத்துருக் கோப்பையும் தவறாமல் நகலெடுக்க வேண்டும். அது இல்லையெனில் ஆவணம் இருந்தும் படிக்க இயலாது.

தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. இவ்வாறு இரு இயங்குதளங்கள் உள்ள கணினியில், வன்தட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸும் அதிலுள்ள கோப்புகளும் சேர்ந்தே அழிந்துவிடும். பயனர் கோப்புகளுக்கான 'ஹோம்' பகுதி தனிப் பிரிவாக இருந்தால், கைமுறைப் பிரிப்பைத் தேர்ந்தெடுத்து, அப்பிரிவை ஃபார்மட் செய்யாமல் புதிய இயங்குதளத்தை நிறுவலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு பதிப்பு மட்டும் பின்தங்கி, வெளியார் மென்பொருள்கள் அதிகம் இல்லாத கணினிக்கு மேம்படுத்துதலே போதுமானது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்புகள் பின்தங்கியவை, அடிக்கடி பிழைச் செய்தி காட்டுபவை, இலகுவான வகைக்கு மாற வேண்டியவை ஆகியவற்றுக்குப் புதிய நிறுவல் ஏற்றது.

உடனடியாக முடிவெடுக்க இயலாதோருக்கு இடைக்கால வழியும் உண்டு. 'உபுண்டு புரோ' சேவை தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பதிவு செய்தால் 20.04 பதிப்புக்கு 2030-ம் ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். கையிலுள்ள பணியை முடிக்கும் வரை மாற்றத்தைத் தள்ளிப்போட இது உதவும்.

எவ்வழியாயினும் முதற்பணி ஒன்றே. மறைந்த கோப்புறைகள் உட்பட 'ஹோம்' பகுதி முழுவதையும் வெளி வன்தட்டில் நகலெடுக்க வேண்டும். பின்னர், நகலில் உள்ள சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து சரிபார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பிப் பழைய வன்தட்டை அழிக்கக் கூடாது.