போதகருக்கு நேரமாகிறது

சமய நம்பிக்கை ஒருவரின் மனச்சான்றைக் கூர்மையாக்குகிறதா என்ற பழைய கேள்வியை, ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் 1970 டிசம்பரில் ஒரு குறுகலான சந்தில் வைத்துச் சோதித்தனர். சோதனைக்கு உட்பட்ட 40 பேரும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள். முதலில் அவர்களது பக்தியின் தன்மை வினாத்தாளால் அளக்கப்பட்டது. சமயத்தைப் பயன் கருதிக் கைக்கொள்வது, அதையே வாழ்வின் இலக்காகக் கொள்வது என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் பிரித்துக் காட்டிய இரு வகைகளோடு, வாழ்வின் பொருள் என்ன என்ற கேள்வியை முடித்துவிடாமல் தேடிக்கொண்டே இருக்கும் மூன்றாவது வகையையும் பேட்சன் சேர்த்துக்கொண்டார்.

பின்னர் அம்மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று சிற்றுரை ஆற்றுமாறு பணிக்கப்பட்டனர். பாதிப் பேருக்குத் தலைப்பு வேலைவாய்ப்பு. மீதிப் பேருக்கு, அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டும் காணாமல் போக, அயலான் ஒருவன் காப்பாற்றியதைச் சொல்லும் நல்ல சமாரியன் உவமை. புறப்படும்போது சிலரிடம் 'ஏற்கெனவே தாமதமாகிவிட்டது' என்றும், சிலரிடம் 'எல்லாம் தயார், உடனே செல்லுங்கள்' என்றும், மற்றவர்களிடம் 'இன்னும் நேரமிருக்கிறது' என்றும் சொல்லப்பட்டது. வழியில், நடிக்க அமர்த்தப்பட்ட ஒருவர் வாசற்படியில் தலை கவிழ்ந்து, கண்மூடிக் கிடந்தார்; மாணவர் கடக்கையில் இருமுறை இருமி முனகினார்.

அவசரமில்லாதவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தனர். ஓரளவு அவசரத்தில் 45. மிகுந்த அவசரத்திலோ வெறும் 10. எவர் உதவுவார் என்பதைப் பக்தியின் வகையைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. உரையின் தலைப்பும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் முடிவு; அத்தனை சிறிய எண்ணிக்கையைக் கொண்டு அப்படி அறுதியிட முடியாது என 1975இல் உளவியலாளர் ஆந்தனி கிரீன்வால்ட் மறுத்தது நியாயமே. நிற்காமல் போனவர்களைக் கல்நெஞ்சர் என்பதும் பொருந்தாது; அவர்களுள் பலர் கலக்கத்தோடுதான் உரையிடத்தை அடைந்தனர், ஏனெனில் அங்கேயும் ஒருவர் அவர்களுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது.

பக்தியின் வகை தன்னைக் காட்டியது, நின்றவர்கள் உதவிய முறையில். மாத்திரை போட்டாயிற்று, சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று வாசற்படியில் கிடந்தவர் சொன்னதும், தேடல் மனம் கொண்டவர்கள் பெரும்பாலும் அதை ஏற்று விலகினர். கோட்பாட்டில் உறுதி மிக்கவர்களோ, வேண்டாம் என்று அவர் மறுத்தும் விடாமல் உள்ளே அழைத்துச்சென்று உபசரிக்க முனைந்தனர்.