ஊங்குது, எங்கே?

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் பல செம்பனையாகிவிட்டன; உள்ளே போகும் செம்மண் பாதை அப்படியே இருக்கிறது. அதில் இன்னும் உழைக்கும் வண்டிகளில் ஒன்று பெரோடுவா கெம்பாரா. டைஹட்சு டெரியோஸை அடிப்படையாகக் கொண்டு 1998-இல் வந்தது. எஞ்சின் விசை எந்நேரமும் நான்கு சக்கரங்களுக்கும் போகும். போகிற வழியெல்லாம் பல்சக்கரம், பேரிங், ஜாயிண்ட். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் சத்தம் வந்தால், எதைச் சந்தேகிப்பது?

“பின்னால ஊங்குதுண்ணே” என்றதும் பேரிங்கை மாற்றிவிடுகிற பட்டறைகள் உண்டு. ஆனால் தகரக் கூடு முழுவதும் சேர்ந்து அதிர்வதால், முன்சக்கரச் சத்தம்கூடப் பின்சீட்டில் கேட்கும். எங்கே கேட்கிறது என்பதைவிட, எப்போது மாறுகிறது என்பதுதான் துப்பு.

சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் சுற்று இறங்கியும் ஊங்கல் குறையவில்லையென்றால் எஞ்சினை விட்டுவிடலாம். வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கப் பேரிங் மேல் சந்தேகம் விழும். இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியலுக்கு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையே நல்ல சோதனைக்கூடம். ஏற்றத்தில் பல்லின் ஒரு முகம் பாரம் தாங்கும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் மறுமுகம். ஒன்றில் மட்டும் கூவினால், தேய்ந்த பக்கம் தெரிந்துவிடும்.

கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலி இருந்தால் இன்னும் நெருங்கலாம். கெம்பாரா டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். 72 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒன்பதரை முறை சுற்றும். பின் அச்சின் கியர் விகிதத்தை ஐந்து என்று வைத்துக்கொண்டால், புரொப்பெல்லர் ஷாஃப்ட் சுமார் 48 முறை. யுனிவர்சல் ஜாயிண்ட் சாய்ந்து சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் ஏறி இறங்கும். அதனால் அதன் அதிர்வு 95 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். ஷாஃப்ட் முனையிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனுக்கு எட்டுப் பல் என்றால் டிஃபரென்ஷியல் 380-இல் கூவும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் ‘கட்கட்’ என்கிறதா? முன் டிரைவ் ஷாஃப்டின் வெளி ஜாயிண்ட். உள்ளே எஃகுக் குண்டுகள் பள்ளங்களில் உருளும். மேலே மூடிய ரப்பர் உறை கிழிந்தால் தோட்டத்துச் செம்மண் கிரீஸோடு கலந்து, சாணைக்கல்போல் பள்ளத்தைத் தின்றுவிடும். உறை கிழிந்த அன்றே பார்த்தால் செலவு உறையோடு போகும்.

எல்லாரும் கடைசியில் பார்ப்பது டயர். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். கோலகங்சாரில் 1877-இலேயே ரப்பர் கன்று நட்ட மாநிலத்தில் டயரை மறப்பது கொஞ்சம் அநியாயம்! தார் சாலை மாறியதும் ஒலி மாறினால் குற்றவாளி டயர்தான். இரண்டு டயர் புதிது, இரண்டு 6 மில்லிமீட்டர் தேய்ந்தது என்றால், தேய்ந்தவை கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது சுற்று அதிகம் சுற்ற வேண்டும். புதியவை ஓர் அச்சிலும் தேய்ந்தவை மற்றதிலும் இருந்தால், அந்த வித்தியாசத்தை இரண்டு அச்சுக்கும் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் ஓயாமல் ஈடுகட்டும். சேற்றில் பூட்டிய டிஃபரென்ஷியல் லாக்கைத் தார் சாலைக்கு வந்தபின் விடுவிக்க மறந்தால், ஈடுகட்ட வழியே இல்லை. பார்க்கிங்கில் திரும்பும்போது வண்டி முரண்டு பிடிக்கும், டயர் கீச்சிடும். பட்டறைக்கு ஓடுமுன் அந்தப் பொத்தானைப் பாருங்கள்.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சந்தேகமான இடத்தில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்கிற பழைய ஃபோர்மன்களிடம் நல்ல இயற்பியல் இருக்கிறது. இரும்புக்குள் ஓடும் அதிர்வு காற்றுக்குத் தாவும்போது பெரும்பகுதி திரும்பிவிடும். இரும்பு வழியாகவே காதெலும்புக்கு வந்தால் தெளிவாகக் கேட்கும். வண்டியை நான்கு ஸ்டாண்டில் உறுதியாக ஏற்றி, சுழலும் பாகங்களிலிருந்து தள்ளியே இதைச் செய்ய வேண்டும்.

கடைசியாக, டிஃபரென்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் ஆற்றுநீர் புகுந்திருக்கிறது. மெல்லிய சாம்பல் பொடி வயதின் அடையாளம். கையில் தட்டுப்படும் செதில் இருந்தால், சத்தம் அடங்கியிருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.