குழந்தைகளும் புனர்வாழ்வு மருத்துவமும்

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கு கூறுகளை உடையது மருத்துவம் என்பது திருவள்ளுவர் கொள்கை. இவற்றுள் பெரும்பாலும் மறக்கப்படுவது நான்காவது கூறேயாம். சிலநாட் பிணிகளில் அம்மறதியால் விளையுங் கேடு சிறிதாகலாம். என்பும் மூட்டும் குறையுற்ற குழந்தைகளின் சிகிச்சையிலோ அது முழு முயற்சியையும் பாழாக்கிவிடும். இதனை உணர்ந்து ஒரு பிரதேசம் முழுவதற்கும் மருத்துவப் பணி அமைக்கப்பட்டமைக்கு இங்கிலாந்தின் மேற்கெல்லையிலுள்ள சுறொப்சயர் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

அப்பணியைத் தொடக்கியவர் அக்னெஸ் ஹன்ற் என்னும் தாதி. 1866இற் பிறந்த இவர் இளமையிலேயே இடுப்பு நோயால் நடை குன்றியவர். 1900இல் பாஸ்சேர்ச் என்னுங் கிராமத்தில் நோயாளர் தங்கித் தேறுவதற்கோர் இல்லத்தை நிறுவினார். 1903இல் தம் நோயின் பொருட்டு லிவர்ப்பூல் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் றொபேட் யோன்சை நாடினார். அத்தொடர்பின் பயனாக யோன்ஸ் அவ்வில்லத்திற்கு வந்து குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்யலானார். முன்புறந் திறந்த கொட்டில்களிலே, வெயிலும் காற்றும் படப் பிள்ளைகள் கிடத்தப்பட்டனர்.

அக்காலத்தில் நோயுற்ற பசுக்களின் பால்வழிப் பரவிய கசரோகம் குழந்தைகளின் என்புகளையும் மூட்டுகளையும் அரித்தது. இளம்பிள்ளை வாதம் தசைகளைச் செயலிழக்கச் செய்தது. இத்தகைய நோய்கள் தணிவதற்கு மாதங்கள், சிலபோது ஆண்டுகள் சென்றன. குணமுற்று வீடு திரும்பிய பிள்ளையோ வளரும் பிள்ளை. நேற்றுப் பொருந்திய கட்டை இன்று பொருந்தாது. அதனைச் சரிசெய்வாரின்றிக் கழற்றிவிட, நிமிர்ந்த கால் மீண்டும் வளையும். தொலைவிலுள்ள வைத்தியசாலைக்கு அடிக்கடி செல்லும் பணமும் ஓய்வும் ஏழைத் தாய்க்கு ஏது? ஆகவே குறை தாயின் கவலையீனத்தில் இல்லை. இடையிலிருந்த தூரத்திலேயே இருந்தது.

பிள்ளை வரவியலாதெனின் வைத்தியமே பிள்ளையிடஞ் செல்லவேண்டும் என்பது ஹன்ற் கண்ட வழி. சுற்றுப்புற ஊர்களிலே பின்பராமரிப்பு நிலையங்கள் தோன்றின. பயிற்சி பெற்ற தாதியர் அங்கு சென்று கட்டைகளைச் சீர்செய்தனர். தாய்மாருக்குப் பயிற்சிமுறைகளைக் கற்பித்தனர். புதிதாக நோயுற்ற பிள்ளைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தனர். இவ்வநுபவத்தை அடியாகக் கொண்டு 1919இல் யோன்சும் கேடில்ஸ்ரனும் நாடளாவிய திட்டமொன்றை வெளியிட்டனர். பிரதேசத்துக்கொரு மத்திய வைத்தியசாலை, அதனைச் சூழக் கிளை நிலையங்கள் என்பதே அதன் சாரம். 1921இல் பாஸ்சேர்ச் வைத்தியசாலை ஒஸ்வெஸ்திரிக்கு மாறியது; இன்றும் அவ்விருவர் பெயராலேயே அது வழங்குகின்றது. தொழில் கற்றுத் தம் காலில் நிற்றலே முழுமையான புனர்வாழ்வு எனக் கருதிய ஹன்ற், 1927இல் தொழிற்பயிற்சிக் கல்லூரியொன்றையும் நிறுவினார்.

கசரோகமும் இளம்பிள்ளை வாதமும் அந்நாட்டில் இன்று பெரிதும் அடங்கிவிட்டன. எனினும் அப்பாடம் பழமையுறவில்லை. பிறவியிலேயே உள்மடிந்த பாதத்தை வாரந்தோறும் கட்டும் மாக்கட்டுகளால் நேராக்கும் பொன்செற்றி முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. மாக்கட்டுகள் சில வாரங்களில் முடிந்துவிடும். அதன்பின் பிள்ளைக்கு ஏறத்தாழ நான்கு வயதாகும்வரை இரவுதோறும் தாங்குசப்பாத்து அணிவித்தல் வேண்டும். அதனை இடையில் விட்டால் பாதம் மீண்டும் மடிவது பெரும்பான்மை. வைத்தியர் செய்வது சில வாரப் பணி. வீட்டார் செய்வது சில ஆண்டுப் பணி. அவ்வீட்டாருக்கு அயலிலே துணை நிற்பதுதான் பிரதேசப் பணியின் பயன். ஆதலின் அதன் சிறப்பை மத்திய வைத்தியசாலையின் கட்டில்களை எண்ணி அளத்தல் பொருந்தாது. எல்லைக் கிராமத்துப் பிள்ளை நடக்கின்றதா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.