கல்வெட்டுப் படிகளுக்கு 'கிளவுட்' சேமிப்பு: ஒரே கட்டளையில் உருவாக்குவது எப்படி?

மைசூரு: இந்தியத் தொல்லியல் துறையின் மைசூரு கல்வெட்டுப் பிரிவில் பழைய மைப்படிகள் பாதுகாக்கப்படுகின்றன. கல் சிதைந்துவிட்ட இடங்களில் மைப்படியே எஞ்சிய சான்று. இத்தகைய படிகளை எண்ம வடிவில் சேமிக்கப் பேரளவு இடம் தேவை.

அமேசானின் கிளவுட் சேவையில் 'ஏபிஐ' என்னும் மென்பொருள் இடைமுகம் வழியாக, ஒரே கட்டளையில் 'வால்யூம்' எனப்படும் சேமிப்பு வட்டை உருவாக்கலாம். அளவு, வகை, மண்டலம், குறியாக்கம் ஆகியவற்றை அக்கட்டளையிலேயே குறிப்பிடலாம். வட்டும் சர்வரும் ஒரே மண்டலத்தில் இருந்தால் மட்டுமே இணைக்க இயலும். ஒதுக்கிய அளவு முழுவதற்கும், வட்டு காலியாக இருந்தாலும், கட்டணம் உண்டு.

வட்டை நீக்கினால் தரவும் அழியும். எனவே 'ஸ்னாப்ஷாட்' எடுத்து, மும்பையில் உள்ள தரவின் நகலை 2022இல் தொடங்கப்பட்ட ஐதராபாத் மையத்திலும் வைப்பது பாதுகாப்பானது.